வலச்சிறகும் இடச்சிறகும்

ஏயாசி என்னும் உப்பு ஏரிக்கு அப்பால், மேற்றிசையில் வானளாவி நிற்கும் நெடுங்குன்றச் சுவரின் உச்சியிலே இளங்கதிர் முதலிற் படிந்து, உருக்கிய செம்பொன் வழிவது போல மெல்ல மெல்லக் கீழிறங்கி, ஏரியின் வெள்ளிய உப்புப் பரப்பைத் தொட்டு, அங்கே ஒற்றைக்கால் ஊன்றித் துயின்றிருந்த பூநாரைக் கூட்டத்தின்மேல் இளஞ்சிவப்பாய்ச் சிதறிய வேளை அது. மழைக்காலத்தின் கடைசி முகில்களும் தென்புலம் நோக்கிச் சென்றொழிந்தன. கீழ்க்கரைப் பாறைக்குன்றுகள் எங்கணும் கிளுவை மரங்கள் புதுத்தளிர் போர்த்து நின்றன. யானைகள் நின்றபடியே உறங்குவது போன்ற பெருக்கமரங்களின் பொந்துகளில் தேனீக்கள் முரன்றன. தேன்காட்டிக் குருவியோ கிளைக்குக் கிளை தாவி, மாந்தரைப் பெயர் சொல்லி அழைப்பது போலக் கூவித் திரிந்தது. காடு முழுதும் இனித்துக் கிடந்த அக்காலையிலேதான், தமிழ் நயம் தேரும் அன்பரே, வில்லும் கிழங்கும் தேனுமே வாழ்வெனக் கொண்ட ஹட்சா மக்களின் சிறு குடியிருப்பு ஒன்றிலிருந்து பெண்டிரின் அழுகுரல் எழுந்தது.

குன்றின் அடியிலுள்ள சுனைக்கு நீர் முகக்கச் சென்ற மாலோ என்னும் இளம்பெண், குனிந்து சுரைக்குடுவையை நீரில் அமிழ்த்திய அந்நொடியிலே, பாறையிடுக்கில் பதுங்கியிருந்த சிறுத்தையின் பாய்ச்சலுக்கு இரையானாள். அவள் ஈன்ற பெண்மகவு இன்னும் தவழவும் கற்றிலது. அவள் கணவன் சிக்வாசி, சிரிப்பும் கேலியுமாய்த் திரிபவன். மரப்பட்டைத் தட்டுகளை வீசியாடும் ஆட்டத்தில் தன் நல்ல கணைகளை எல்லாம் பிறரிடம் தோற்றுவிட்டு, தோற்றமைக்கும் தானே முதலிற் சிரிப்பவன். அன்று அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மனைவியின் உடலைத் தோளிற் சுமந்து குன்றேறி வந்து, புற்குடிலின் முன் கிடத்திவிட்டு, கல்லிற் செதுக்கிய உருவென நின்றான். தாயற்ற குழவியை அவன் தமக்கை நதாயா வாங்கித் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

இறந்தோர் கிடந்த இடத்தைவிட்டுக் குடிபெயர்வதே அவர்தம் வழக்கம். ஆயினும் தேன்பருவமாதலின் வலிய ஆடவர் எல்லாம் தொலைக்குன்றுகளுக்குச் சென்றிருந்தனர். அவர் திரும்புங்காறும் முதியோரையும் மகவுகளையும் கொண்டு பெயர்தல் இயலாது. நீருக்கோ அச்சுனையன்றி வேறு வழியில்லை. சிறுத்தையோ ஒருமுறை மாந்தக் குருதியின் சுவை கண்டது, மீண்டும் வரும். எனவே அதனைக் கொன்றாக வேண்டும். கொல்லத்தக்க ஆடவராய் அங்கே எஞ்சியிருந்தவர் இருவரே: சிக்வாசியும், நதாயாவின் கணவனாகிய கமாயாவும்.

கமாயாவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அக்குன்றுகளில் அவனைப் போலக் கணை சமைப்பார் ஒருவரும் இலர். பிறர் கையிற் கிடைத்த இறகைக் கட்டி எய்வர். அவனோ ஓர் இறகை எடுத்தால் அதனை ஒளியில் ஏந்தி, அதன் தண்டின் வளைவை விரலால் உணர்ந்து, இழைகளை நீவி, பிரித்து, மீண்டும் சேரவிட்டு, உதட்டில் வைத்து ஊதி, அது எழுப்பும் ஓசையையும் கேட்ட பின்னரே கொள்வதோ தள்ளுவதோ செய்வான். சிறு பறவைக்குரிய மரமுனைக் கணைக்குப் புள்ளிக்கோழியின் மெல்லிறகு. இரும்பு முனையும் நஞ்சும் தாங்கிய பெருங்கணைக்குப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகின் வன்சிறகு. அதுவும் மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகினவாய், ஒரே வளைவினவாய் இருத்தல் வேண்டும். வலச்சிறகோடு இடச்சிறகைக் கலந்து கட்டுதலை அவன் தந்தை செய்திலன், அவனும் செய்திலன், கலந்து கட்டிய கணை தடுமாறும் என்பதை அவன் ஒருநாளும் எய்து பார்த்தறிந்ததும் இல்லை, மூச்சு விடுவதைப் போல நம்பியிருந்தான்.

அவ்வாண்டு மழை நீண்டமையால், குடிலின் கூரையிற் செருகியிருந்த அவன் பெருங்கணைகளின் இறகுகளை எல்லாம் சிறுபூச்சிகள் அரித்துத் தின்றுவிட்டன. தண்டும் முனையும் நஞ்சும் பழுதற இருக்க, வால்கள் மட்டும் பொடியாய் உதிர்ந்தன. தேடியபோது கிடைத்தவை, பாறுகள் அடையும் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த மூன்றே இறகுகள். மாலோவை மண்ணுக்குக் கொடுத்த மறுநாட்காலை, அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, நெருப்பின் அருகே அமர்ந்து, அவன் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிக்வாசி வந்து எதிரில் நின்றான்.

"மச்சான், விடிஞ்சதுலேர்ந்து அதையே தடவிக்கிட்டு இருக்கே. அது என்ன, பொண்டாட்டி கன்னமா?" என்றான். கேலி பழைய கேலிதான். குரல் பழைய குரலன்று.

"ரெண்டு வலச்சிறகு, ஒண்ணு இடச்சிறகு மாப்ளே," என்றான் கமாயா தலை நிமிராமலே. "ரெண்டு ஒரு பக்கம் சுழலும், இது எதிர்ப்பக்கம் சுழலும். போற வழியிலயே அம்பு தடுமாறும்."

"நீயும் எங்கக்காவும்கூடத்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்குறீங்க. ஒரே குடிசையில கெடக்கலயா?"

"என்னை ஏன்டா நடுவுல இழுக்குற?" என்று குடிலின் உள்ளிருந்து நதாயா குரல் கொடுத்தாள். பெருக்கமரக் கனியின் மாவை நீரிற் குழைத்து, அழும் குழவியின் வாயில் விரலால் தடவிக்கொண்டிருந்தாள் அவள்.

சிக்வாசி குந்தி அமர்ந்தான். "அதையே கட்டிக் குடு மச்சான். இன்னைக்கே போய் முடிச்சிட்டு வந்துடறேன்."

"மாட்டேன்."

"ஏன் மாட்டே?"

"கோணக்கட்டின அம்ப உன் கையில குடுத்து அனுப்பிட்டு, நான் இங்க உக்காந்து கெழங்கு திங்கவா? கீழ சமவெளியில சிங்கம் ஒரு வரிக்குதிரைய அடிச்சுப் போட்டிருக்கு. அங்க பாரு, கழுகு எறங்குது. நான் போயி நல்ல றெக்கையா எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் சும்மா இரு."

"எங்கிட்ட கோழி றெக்கை இருக்கு. நான் அதையே கட்டிக்கிறேன், போ."

"கோழி றெக்கை குருவி அடிக்கத்தான் ஆகும். இரும்பு மொனைய அது தாங்காது. வால் ஆடும்."

"ஆமா, நீ றெக்கை பொறுக்கி முடிக்கிற வரைக்கும் சிறுத்தை சுனையில தாடி வளத்துக்கிட்டு உக்காந்திருக்கும்!" என்று எழுந்து போனான் சிக்வாசி.

கமாயா அம்மூன்று இறகுகளையும் இடைவாரிற் செருகிக்கொண்டு, வில்லையும் பறவை எய்யும் மரமுனைக் கணைகளையும் எடுத்தபோது, நதாயா குடில்வாயிலில் வந்து நின்றாள். "அவன் கேக்குறத கட்டிக் குடுத்துட்டுப் போயேன். அவன் மனசாவது ஆறட்டும்," என்றாள் தாழ்ந்த குரலில்.

"மனசு ஆறுறதுக்கு அம்பு விடுறதில்ல, நதாயா," என்றான் அவன்; சொல்லிவிட்டுக் குன்றிறங்கினான்.

சமவெளியிலே, முட்புதரின் நிழலில் ஒடுங்கிக் கிடந்து, வரிக்குதிரையின் எச்சத்தைச் சூழ்ந்து பாறுகள் சண்டையிடுவதைப் பார்த்திருந்த பொழுதிலே, கமாயாவின் நெஞ்சில் அச்சமோ துயரோ இல்லை. மணப்பந்தலிற் புகுந்தவன்போல ஓர் ஆவலே இருந்தது. முதலில் எய்த பறவை கதிர் உச்சியடையும் முன்னரே வீழ்ந்தது. ஓடிச்சென்று சிறகை விரித்தான். இறகுகள் முதிராதவை, நுனி சற்றே மென்மையானவை. அவற்றைக் கொண்டே மூன்று கணைகள் நன்கு கட்டலாம். நண்பகலுக்குள் குடியிருப்பை அடைந்திருக்கலாம். அவன் சிறகை நீவினான், உதட்டில் வைத்து ஊதினான், உள்ளம் நிறையவில்லை. 'இன்னும் சற்றே பொறுத்தால் முதிர்ந்த பறவை வரும்' என்று மீண்டும் புதரினுள் ஒடுங்கினான். வெயில் ஏறியது, நிழல் சுருங்கி, பின் நீண்டது. கடைசியில் கிழட்டுக் கழுகு ஒன்று, மழைமுகிற் கருமையும் இரும்பின் மிடுக்கும் கொண்ட சிறகுகளோடு வந்திறங்கியது. அதனை வீழ்த்தி, வலப்பக்கத்து இறகுகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி வரிசைப்படுத்தியபோது, தன் வாழ்நாளிற் கண்ட இறகுகளிலெல்லாம் தலையாயவை இவையே என்று கமாயா வாய்விட்டுச் சிரித்தான்.

அவன் அவ்வாறு சிரித்த பொழுதுக்கு முன்னரே சுனையருகில் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

குடியிருப்பில் நீர் அற்றுப்போனது. குழவி வறண்ட நாவோடு கத்தியது. பெண்டிர் சிலர் தோண்டுகோல்களை ஏந்தியவராய்ச் சுனைக்குப் புறப்பட, காவலாகச் சிக்வாசி வில்லோடு முன்னே சென்றான். கமாயாவின் வாலற்ற கணைகளுள் இரண்டை எடுத்து, புள்ளிக்கோழி இறகைத் தன் கையாலேயே நரம்பினாற் சுற்றிக் கட்டியிருந்தான். பெண்டிர் குடுவைகளை நிரப்பும்போது, எதிர்ப்பாறையின் மேலே பொன்னிறப் புள்ளிகள் அசைந்தன. சிக்வாசி பின்வாங்கினானல்லன். பெண்டிருக்கும் பாறைக்கும் இடையே சென்று நின்று, நாணைச் செவியளவும் இழுத்து எய்தான். கணை பறந்தது, வால் ஆடியது, மீன் நீந்துவது போல நெளிந்து நெளிந்து சென்று, சிறுத்தையின் தோளெலும்பிற் சாய்வாக மோதி, உள்ளிறங்காமல் தெறித்து வீழ்ந்தது. இரண்டாம் கணையை நாணிற் பூட்டக் காலம் இல்லை. பெண்டிர் கூக்குரலிட்டு, தோண்டுகோல்களால் மாறிமாறி அடித்து அவ்விலங்கைத் துரத்தினர். ஆனால் அவர்கள் தூக்கி நிறுத்த முயன்ற உடலில் உயிர் இல்லை.

பொழுது சாயும் வேளையில், இறகுக்கட்டைத் தோளிற் சாத்தி, வாய்க்குள் ஏதோ பாடலை முனகிக்கொண்டு கமாயா குன்றேறி வந்தான். குடில்களின் நடுவே பெண்டிர் குழுமியிருந்தனர். அவனைக் கண்டதும் விலகி வழிவிட்டனர். அவர்களுக்கு நடுவே, தம்பியின் தலையை மடியில் ஏந்தியிருந்த நதாயா நிமிர்ந்து பார்த்தாள்.

"கெடச்சுதா றெக்கை?" என்றாள்.

அதிலே இகழ்ச்சி இல்லை, சினமும் இல்லை. ஏதேனும் ஒன்றைக் கேட்டாக வேண்டுமே என்று கேட்டவள் போலக் கேட்டாள். கமாயாவின் தோளிலிருந்து இறகுக்கட்டு தானே நழுவி மண்ணில் வீழ்ந்தது.

மறுநாள், மாலோவின் அருகிலேயே சிக்வாசியையும் மண்ணுக்குக் கொடுத்த பின், கமாயா தனியே சுனைக்குச் சென்றான். கற்களிடையே அக்கணை கிடந்தது. எடுத்துப் பார்த்தான். புள்ளிக்கோழி இறகு ஒருபுறம் மடிந்து, கட்டவிழ்ந்து தொங்கியது. 'நான் சொன்னேனே, வால் ஆடும் என்று சொன்னேனே' என்பதே அவன் நெஞ்சில் முதலில் எழுந்த எண்ணம். அவ்வெண்ணம் தோன்றிய நொடியிலேயே அதன் கொடுமையை அவன் உணர்ந்தான். உணர்ந்தும் அதனை நெஞ்சிலிருந்து பிடுங்க இயலவில்லை. குருதிக்கறை மறையாத அக்கல்லின்மேல் நின்றுகொண்டு, தான் சொன்னது மெய்யாயிற்று என்று மகிழும் ஒருவன் தனக்குள் இருப்பதைக் கண்டு, தன்னைத் தானே அஞ்சினான்.

அதன்பின் குடிலுக்கு வெளியே அமர்ந்து, மான்நரம்பை வாயிலிட்டு மென்று பதப்படுத்தி, இரண்டு கணைகளுக்கு இறகு கட்டினான். ஒன்றிற்குக் கிழட்டுக் கழுகின் வலச்சிறகுகள் மூன்று. மற்றொன்றிற்கு, இடைவாரிற் செருகியபடியே மறந்திருந்த பழைய மூன்று இறகுகள்: இரண்டு வலம், ஒன்று இடம். ஏன் கட்டுகிறோம் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கைகள் கட்டின.

சிறுத்தையைத் தேடி அவன் அலைய நேரவில்லை. அடுத்த நாள் சிக்வாசி நின்ற அதே இடத்தில் போய் நின்றபோது, இளவெயிலில், அதே பாறையின்மேல் அது வந்து நின்றது. முதிர்ந்த விலங்கு, ஒரு கோரைப்பல் முறிந்து, விலா எலும்புகள் தோலுக்குள் வரிவரியாய்த் தெரிந்தன, மானைத் துரத்த இயலாமையாலேயே மாந்தரைத் துரத்தியது போலும். கமாயாவின் கை தூணியை நாடியது. இரு கணைகளின் வால்களும் விரல்களிற் பட்டன. எது எதுவென்று பாராமலே அறியும் விரல்கள் அவை. கலந்து கட்டிய கணையை உருவி நாணிற் பூட்டினான். 'இது தடுமாறுமாயின் என் சொல் மெய். அது மெய்யாகவே இருக்க, நானும் இங்கேயே வீழ்வேன். என் மாப்பிள்ளைக்கு நான் மறுத்தது சரியே என்று அறிந்து வீழ்வேன்.' இவ்வாறு எண்ணியபோது, அன்பரே, அவன் அக்கணை தடுமாறவேண்டும் என்றே வேண்டினான். தன் உயிரைக் காக்கவேண்டிய அம்பு கோணிப் போகட்டும் என்று நெஞ்சார வேண்டி நாணை விடுத்த வில்லாளன் அவனன்றி வேறொருவன் இருந்தானோ, அறியேன்.

கணை நேரே சென்றது.

சற்றே அதிர்ந்தது, அவ்வளவே. முன்கால் மடியும் இடத்திற் பாய்ந்து, வால்வரை புதைந்தது. சிறுத்தை ஒருமுறை உறுமி, திரும்பி, புல்லினுள் ஓடி, நஞ்சு தலைக்கேறி, சிறிது தொலைவிற் சாய்ந்தது. கமாயா அதனைப் பார்க்கச் செல்லவில்லை. சுனைக்கரையிலேயே அமர்ந்து, முழங்காலில் முகம் புதைத்து, சிக்வாசி இறந்த பின் முதன்முறையாக அழுதான்.

அவன் குடியிருப்புக்குத் திரும்பியபோது நதாயா குழவியைத் தோளிற் சாத்தித் தட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்துச்சா?" என்றாள்.

"செத்துச்சு."

"நல்ல றெக்கை வேல செஞ்சுதா?"

பொய் சொல்ல ஒரு வழி அங்கே திறந்துதான் இருந்தது. அவன் அதனுள் நுழையவில்லை. "அதுல அடிக்கல," என்றான். "அவன் கட்டிக் குடுன்னு கேட்டானே, அந்த மூணு றெக்கை. அதுல அடிச்சேன்."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "நேரா போச்சா?"

"நேராத்தான் போச்சு."

குழவி சிணுங்கியது, அவள் மீண்டும் தட்டத் தொடங்கினாள். பிறகு, "எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம் நீ," என்றாள்.

"சொல்லாம இருக்க முடியல."

"உனக்கு முடியல, எறக்கி வெச்சுட்டே. இனி இத நான் எங்க கொண்டு வெப்பேன்?" என்றாள் நதாயா. அவள் அழவில்லை. அதற்குப்பின் அப்பேச்சை எடுக்கவும் இல்லை.

தேனெடுக்கச் சென்ற ஆடவர் குடுவைகள் நிறையத் தேனோடு திரும்பி வந்தனர். செய்தி கேட்டு, தேன் தீண்டாமல் அமர்ந்தனர். சிறுத்தையைக் கொன்ற கமாயாவைப் புகழ்ந்தனர். புகழ்ந்தோரை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒருவருக்கொருவர் சுமையை ஏற்றிக்கொண்டு, வடக்கே வேறொரு நீர்நிலைக்குக் குடிபெயர்ந்தனர்.

அங்கே, வழக்கம்போலப் பெண்டிர் குடில் சமைக்கத் தொடங்கினர். வளையும் கிளைகளை வெட்டி வந்து, மண்ணில் வட்டமாய் ஊன்றி, நுனிகளை வளைத்துப் பிணைத்து, புல்லை அள்ளிப் போர்த்தும் அவ்வேலை ஒரு பொழுதுக்குள் முடிந்துவிடும். கமாயா சற்றுத் தொலைவிலுள்ள மரத்தடியிலிருந்து தன் மனைவி குடில் கட்டுவதைப் பார்த்திருந்தான். அவள் ஊன்றிய கிளைகளின் வட்டம் சிறியதாக இருந்தது. இன்னும் கிளை கொண்டுவருவாள், வட்டத்தை விரிப்பாள் என்று காத்திருந்தான். அவளோ நுனிகளை வளைத்துக் கட்டினாள், புல்லைப் போர்த்தினாள், குழவியை எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே புகுந்தாள். ஒருத்தியும் ஒரு மகவும் படுக்கும் அளவே அக்குடில். சண்டை இல்லை, ஊர் கூட்டிய பேச்சும் இல்லை. அக்குடிலின் அளவே அவள் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. கமாயா எழுந்து, மனைவியற்ற இளைஞர் தங்கும் நெருப்பின் பக்கம் சென்று அமர்ந்தான். அவர்கள் ஏதும் கேளாமல் நகர்ந்து இடம் கொடுத்தனர்.

பல மழைகளுக்குப் பின்னும் நான் அவனைக் கண்டிருக்கிறேன். சிக்வாசியின் மகள் வளர்ந்து, நதாயாவோடு கிழங்கு தோண்டச் செல்லும்போது, வழியில் அவனைக் கண்டால் "மாமா" என்று கூப்பிட்டுச் சிரிப்பாள். தந்தையின் சிரிப்பு அப்படியே அவள் வாயில் இருந்தது. அவள் கடந்து சென்ற பின்பும் அவன் வழியையே பார்த்து நிற்பான். நதாயாவும் அவனும் பகைவராய் வாழவில்லை. இறைச்சி கிடைத்தால் அவள் குடிலுக்கு நல்ல பங்கைக் கொண்டுபோய் வைப்பான், அவளும் வாங்கிக்கொள்வாள். அவ்வளவே.

செம்மை தேர்தல் அறிவுடையார் இயல்பு. அதனைக் குறைகூற வல்லேன் அல்லேன். கமாயாவின் கை கற்ற கல்வியும் பொய்யன்று: கோழியிறகு ஆடத்தான் செய்தது. ஆயினும் எதிரில் நின்று கேட்டவன் கண்களையும் ஒளியில் ஏந்தி ஒருமுறை பார்த்திருந்தால், அவன் கேட்டது இறகையன்று என்பது விளங்கியிருக்கும். அக்குன்றுகளில் இன்றும், அம்பு வேண்டி வருவோரைக் கமாயா காக்கவைப்பதில்லை. கையில் எது இருக்கிறதோ அதனைக் கட்டி உடனே கொடுத்தனுப்புகிறான் என்கின்றனர். வாங்கிச் செல்வோர் மகிழ்ந்து செல்கின்றனர். அவர்கள் முதுகு காட்டில் மறையும்வரை அவன் பார்த்திருப்பான்; மறைந்த பின், சற்றுநேரம் அவன் கைகள் ஒன்றும் செய்யாமல் மடியிற் கிடக்கும்.